பல்லாங்குழி ஆட உக்காரும் முன்னாடி யாரு ரூல்னு பேசிக்கோங்க

போன லீவுக்கு மலேசியாவுல இருந்து பெரியப்பா பொண்ணு வந்திருந்தாங்க, பரண்ல கிடந்த பல்லாங்குழிய எடுத்துத் துடைச்சு வச்சதும் "அட, இது எங்க ஊரு சொங்காக் ஆச்சே"ன்னு உக்காந்துட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல சண்டை. நான் கையில இருந்த கடைசி முத்தப் போட்டுட்டு அதுக்கு அடுத்த குழிய அள்றேன், அக்கா கடைசி முத்து விழுந்த குழியையே அள்றாங்க, ரெண்டு பேருமே மத்தவங்க அழுகுணி ஆட்டம் ஆடறாங்கன்னு நினைச்சோம். அப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டும் சரி, பலகை மட்டும்தான் ஒண்ணு போல இருக்கு, ஆட்டம் வேற.

சரி, முதல்ல நம்ம வீட்டு ஆட்டம். பக்கத்துக்கு 7ன்னு 14 குழி, குழிக்கு 5 முத்து, ஆக மொத்தம் 70 வேணும். சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி எதுவும் ஓகே (குன்றிமணி விஷம், சின்னப் பசங்க வாயில போடற வயசுன்னா அது வேண்டாம்). பலகை இல்லையா, தரையில சாக்பீஸ்ல 14 வட்டம் போட்டாலே போதும். சில வீட்ல குழிக்கு 6 போடுவாங்க, இன்னும் சிலர் 12 குழில 12 போட்டு நடுக்குழி ரெண்டுல மட்டும் ஒண்ணொண்ணு வச்சு 146 முத்துல ஆடுவாங்க, புதுசா கத்துக்கறவங்க 5லயே ஆரம்பிங்க.

உங்க பக்கத்துல இருக்கற ஏதாவது ஒரு குழிய அள்ளி, வலது பக்கமா, அதாவது கடிகாரத்துக்கு எதிரா குழிக்கு ஒண்ணுன்னு போட்டுகிட்டே போங்க. கை காலியானதும் அடுத்த குழிய அள்ளி மறுபடி போடுங்க. அடுத்த குழி காலியா இருந்தா அதத் துடைச்சுட்டு அதுக்கு அடுத்ததுல இருக்கறதையும், அதுக்கு நேர் எதிர்க்குழில இருக்கறதையும் எடுத்துக்கலாம், அதோட உங்க முறை முடிஞ்சுது. ரெண்டு குழி தொடர்ந்து காலின்னா ஒண்ணும் கிடையாது, வெறுங்கைதான். ஆடிகிட்டு இருக்கும்போது ஏதாவது குழில சரியா 4 சேர்ந்துட்டா அது பசு, யாரு பக்கம் சேர்ந்துச்சோ அவங்க உடனே எடுத்துக்கணும். எதிராளி கவனிக்காம விட்டா நாம சொல்லணுமா வேண்டாமாங்கறது அவங்கவங்க மனசாட்சி, எங்க பாட்டி சொல்லவே மாட்டாங்க.

இதப் படிச்சா தலை சுத்தும், ஒரு தடவை கையால செஞ்சு பாருங்க. இடது கோடில இருக்கற உங்க முதல் குழிலேர்ந்து ஆரம்பிச்சா 7வது, 13வது, 5வது, 12வதுன்னு ஒவ்வொண்ணா அள்ளிப் போட்டு ரெண்டு சுத்து வந்து 4வது குழில கை காலியாகும், அப்ப 5வது குழி காலியா இருக்கும், துடைச்சுட்டு 6வதுல இருக்கற 7ம் எதிர்ல இருக்கற 7ம் சேத்து முதல் முறையிலயே 14 முத்து உங்களுக்கு. வரலைன்னா எங்கயோ ஒண்ணு கூடவோ கொறச்சலாவோ விழுந்திருக்கு. நல்லா ஆடறவங்க அள்றதுக்கு முன்னாடியே கண்ணால இந்தக் கணக்கப் போட்டுடுவாங்க.

ஒருத்தர் பக்கம் முழுக்கக் காலியாகி ஆட முடியலன்னா ரவுண்டு முடிஞ்சுது, மிச்சம் இருக்கறது எந்தப் பக்கமோ அவங்களுக்கு. அடுத்த ரவுண்டுல ஜெயிச்சத வச்சே குழிய நிரப்பணும். உதாரணத்துக்கு உங்ககிட்ட 28 இருந்தா 5 குழிதான் நிரம்பும், 3 கையில, மிச்ச 2 குழிய மூடிடணும், அதுல யாருமே போடக் கூடாது. இப்படியே ஒருத்தர் ஒரு குழி கூட நிரப்ப முடியாத வரைக்கும் ஓடும், ஒரு மத்தியானம் தாராளமா போயிடும்.

இப்ப சொங்காக்குக்கு வருவோம். அதுலயும் பக்கத்துக்கு 7 குழிதான் சாதாரணம், ஆனா ரெண்டு முனையிலயும் பெரிய குழி ஒண்ணு இருக்கும், அது 'ரூமா', வீடுன்னு அர்த்தம். குழிக்கு 7ன்னு 98 முத்து. போட்டுகிட்டே போகும்போது உங்க வீட்லயும் ஒண்ணு போடணும், எதிராளி வீட்டத் தாண்டிடணும். கடைசி முத்து உங்க வீட்ல விழுந்தா இன்னொரு வாட்டி ஆடலாம், முத்து இருக்கற குழில விழுந்தா அந்தக் குழியையே அள்ளணும் (எங்க சண்டை இங்கதான்), உங்க பக்கத்துக் காலிக் குழில விழுந்தா எதிர்க்குழி உங்களுக்கு. பசு கிசு எல்லாம் கிடையாது. இன்னொரு கூத்து, ஆரம்பத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடுவாங்க, நான் என் முறைக்காகக் காத்துகிட்டு உக்காந்திருந்தேன்.

மலாய்ல சொங்காக்னா சோழிக்கும் அதான் பேரு. பிலிப்பைன்ஸ்ல சுங்கா, இலங்கையில சிங்களவங்க புத்தாண்டு சமயத்துல ஆடற ஒலிந்த கெலிய (ஒலிந்தன்னா நம்ம குன்றிமணி), கர்நாடகாவுல அளகுளி மனே, ஆந்திராவுல வாமன குண்டலு. ஆப்பிரிக்கா பக்கம் போனா கானாவுல ஓவாரே, 12 குழி 48 முத்து, அங்க எதிராளி குழில 2 இல்லன்னா 3 சேர்ந்தாத்தான் பிடிக்கலாம். அடிமைகளா கப்பல்ல ஏத்திட்டுப் போன ஜனங்களோட அதே ஆட்டம் கரீபியன் தீவுகளுக்கும் போயிடுச்சு, ஆன்டிகுவாவுல இன்னைக்கும் வாரின்னு ஆடறாங்க. நாம விளையாட்டா அள்ளிப் போடற சோழி மாலத்தீவுல இருந்து மூட்டை மூட்டையா மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் காசாப் போச்சு, மனுஷங்கள விலைக்கு வாங்கக் கூட. இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் பொதுவா மன்கலான்னு பேரு, அரபில நகலா, நகர்த்தறதுங்கற சொல்லுலேர்ந்து வந்தது. எங்க பொறந்துச்சுன்னு மல்லுக்கட்டறது வேஸ்ட், கடல் ஓரமா எல்லாரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துகிட்டு ஆளாளுக்கு ரூல மாத்திகிட்டாங்க.

அதனால வேற ஊர்க்காரங்களோட உக்காந்தா முத்து அள்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுடுங்க: எந்தப் பக்கமா போடறது, கை காலியானா விழுந்த குழியா அடுத்த குழியா, பசு உண்டா, துடைச்சதோட முறை முடியுமா இல்ல தொடருமா. ஒரு ரவுண்டு உங்க ரூல், ஒரு ரவுண்டு அவங்க ரூல், நாங்க கடைசில அப்படித்தான் ஆடினோம். நம்ம பலகையில வீடு இல்லாததால ரெண்டு முனையிலயும் ஆளுக்கு ஒரு கிண்ணம் வச்சோம், முத்து 98க்குப் பத்தலன்னு புளியங்கொட்டையையும் கலந்துகிட்டோம். எடுத்து வைக்கும்போது மட்டும் எண்ணிப் பையில போடுங்க, சோபாவுக்கு அடியில எப்பவும் ரெண்டு உருண்டு போயிருக்கும்.