சபையில் ஆலோசனை கொடுப்பவர்கள் எல்லை தாண்டும் இடங்கள்

மனச்சோர்வோடு வருகிறவரிடம் "மாத்திரையை நிறுத்துங்கள், விசுவாசத்தோடு ஜெபியுங்கள்" என்று சொல்வதுதான் பைபிளை வைத்துச் சபையில் கொடுக்கும் வேத ஆலோசனையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர் அதைத் திடீரென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பலாம், தற்கொலை ஆபத்தும் கூடும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் "பலனே இல்லையே பாஸ்டர்" என்று வீட்டார் தளர்ந்து வருவார்கள். டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரம் கிடையாது.

1 இராஜாக்கள் 19-ல் எலியா சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். கர்த்தர் அவனோடு பேசியது அப்புறம்தான். நாமோ எடுத்த எடுப்பிலேயே பாவத்தைத் தேடுகிறோம். தூக்கம், சாப்பாடு பற்றி முதலில் கேளுங்கள். தைராய்டு குறைபாடுகூட மனச்சோர்வு போலவே தெரியும். அதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

பிரசவமான சில நாட்களில் தூக்கமே இல்லாமல், யாரோ பேசும் குரல் கேட்கிறது என்று சொல்லும் தாயைப் பிசாசு பிடித்தவள் என்று முடிவுகட்டி உபவாச ஜெபத்தில் உட்கார வைப்பது கொடுமை. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஜெபத்தை வண்டியிலும் செய்யலாம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. சபையின் பெயர் கெடும் என்று மூப்பர்கள் உட்கார்ந்து சமரசம் பேசுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது துரோகம். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணை "பொறுமையாயிரு" என்று திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். பெண்கள் உதவி எண் 181-ஐ முதலில் கொடுங்கள்.

சாகவேண்டும் என்று பேசுகிறவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பதில் ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் அனுப்பியதோடு கைகழுவுவதையும் பார்க்கிறோம். அனுப்பப்பட்டவருக்குச் சபை தன்னைத் தள்ளிவிட்டது போல் இருக்கும். முதல் தடவை கூடவே போங்கள், ஓபி வரிசையில் பக்கத்தில் உட்காருங்கள், அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.