கிளைம்பரைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போவது: முதல்முறை போகிறவர்களுக்கு

பென்சில்வேனியாவில் வெண்வால் மான் வேட்டைக்குப் புதிதாக வரும் நண்பர்கள் கிளைம்பரை, அதாவது மரத்தில் ஏறி உட்கார நாமே சுமந்துபோகும் பரணை, கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் 9 கிலோவுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். "இவ்வளவுதானா?" என்று வாங்கிவிடுகிறார்கள். அதே கிளைம்பரோடு துப்பாக்கி, குளிர் உடை, மரத்திலிருந்து விழாமல் உடம்பைப் பிடிக்கும் ஹார்னஸ், தண்ணீர், கத்தி எல்லாம் சேர்ந்து, விடியலுக்கு முந்தைய இருட்டில் அரை மைல் மேடேறும்போது அது 20 கிலோ சுமை. இந்தப் பதிவு அந்த அரை மைலுக்காக.

கிளைம்பர் என்பது இரண்டு துண்டாக வரும் அலுமினியப் பரண். மேல் துண்டில் இருக்கை, கீழ்த் துண்டில் கால் வைக்கும் தளம். இரண்டையும் தனித்தனிக் கேபிளால் மரத்தைச் சுற்றிப் பூட்ட வேண்டும். மேல் துண்டை உயர்த்தி அதில் எடையைப் போட்டு, கீழ்த் துண்டைக் காலால் இழுத்து, கம்பளிப்பூச்சி போல ஏற வேண்டும். தினைப்புனத்துப் பரண் ஒரே இடத்தில் நிற்கும். இது காலையில் நம் முதுகில் வந்து, மாலையில் நம் முதுகிலேயே திரும்பும்.

என் முதல் வருடத்தில் ஹார்னஸைப் பையின் அடியில் வைத்திருந்தேன். மரத்தடியில் எல்லாவற்றையும் சருகுமேல் கொட்டித் தேடினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் துப்பாக்கியை மேலே இழுக்கும் கயிறு கீழேயே கிடப்பது தெரிந்தது. இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: மரத்தடியில் எது முதலில் கைக்கு வர வேண்டுமோ, அதை வீட்டில் கடைசியாகக் கட்ட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த விதியின் விரிவுதான்.

1. முதலில் சத்தத்தை அடக்குங்கள்

இருக்கைத் துண்டைத் தளத் துண்டுக்குள் செருகி, தட்டையாக மடக்குங்கள். எங்கெல்லாம் உலோகமும் உலோகமும் தொடுகிறதோ அங்கெல்லாம் துணி டேப் சுற்றுங்கள். கேபிள்களைச் சுருட்டி வெல்க்ரோ பட்டையால் இறுக்குங்கள். பிறகு ரப்பர் கயிற்றை விட்டுவிட்டு, இழுத்துப் பூட்டும் நாடாப் பட்டை இரண்டால் மொத்தத்தையும் கட்டுங்கள். ரப்பர் கயிறு நடக்க நடக்கத் தளரும். கட்டியதை முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே நான்கு முறை குதித்துப் பாருங்கள். "கிளிங்" என்று ஒரு சத்தம் கேட்டாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். உலோகம் தட்டும் சத்தம் குளிர்காலக் காட்டில் வெகுதூரம் போகும்.

2. தோள்பட்டையை மாற்றுங்கள்

கூடவே வரும் தோள்பட்டை பெரும்பாலும் மெல்லிய நாடா. சும்மாடு இல்லாமல் தலையில் குடம் வைத்த கதைதான், பத்து நிமிடத்தில் தோள் கத்தும். பஞ்சு வைத்த அகலப் பட்டை வாங்கி மாட்டுங்கள். இடுப்புப் பட்டையும் சேருங்கள், எடையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்க வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி, தோளெலும்பு உயரத்தில் இருக்கட்டும். தொங்கும் எடை உங்களைப் பின்னால் இழுக்கும்.

3. அடுக்கும் வரிசை

நான் இரண்டு பை வைத்திருக்கிறேன். வயிற்றுப் பக்கம் கட்டும் சிறு இடுப்புப் பை ஒன்று. அதில் ஹெட்லாம்ப், ஃபோன், விசில், உரிமம், கையுறை. ஃபோனும் விசிலும் மரத்தில் இருக்கும்போதும் உடம்போடுதான் இருக்க வேண்டும். விழுந்து ஹார்னஸில் தொங்கும் நேரத்தில், எட்டாத கொக்கியில் மாட்டிய பைக்குள் இருக்கும் ஃபோனால் பயனில்லை.

இன்னொன்று முதுகுப்பை. கிளைம்பர் மடங்கிய பிறகு இருக்கைக்கு நடுவே கிடைக்கும் குழிவில் அதைப் படுக்க வைத்துக் கட்டலாம். பையின் அடியில் மான் விழுந்த பிறகே தேவைப்படும் கத்தி, ரப்பர் கையுறை, இழுத்து வரும் கயிறு. அதற்கு மேல் சாப்பாடு, தண்ணீர், பைனாகுலர். குளிர் ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் சுருட்டிப் பைக்கு வெளியே கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கையால் உருவும்படி ஹார்னஸ். இழுக்கும் கயிறு பைக்குள் போகவே கூடாது. அதன் ஒரு முனையைக் கிளைம்பரின் இருக்கைத் துண்டிலேயே நிரந்தரமாக முடிந்து வைத்துவிடுங்கள். இனி அது மறக்காது.

4. குறைவாக உடுத்தி நடங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். பூஜ்ஜியம் டிகிரிக் குளிர் என்று எல்லாவற்றையும் காரிலேயே போட்டுக்கொள்கிறார்கள். சுமையோடு மேடேறும்போது உள்ளாடை நனைந்துவிடும். பிறகு மரத்தில் அசையாமல் உட்கார்ந்தால் அந்த ஈரம் எலும்பு வரை குளிரும், ஒன்பது மணிக்கே இறங்கத் தோன்றும். வியர்வை வாடையும் மானுக்கு எட்டும். நான் பருத்தியைத் தொடவே மாட்டேன். மெல்லிய கம்பளி உள்சட்டையோடு, காரை விட்டு இறங்கும்போது லேசாக நடுங்கும் அளவுக்கே உடுத்துவேன். வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பி மெதுவாக நடங்கள். மரத்தடியில் சுமையை இறக்கி, உடம்பு ஆறிய பிறகு ஜாக்கெட், அதற்கு மேல் ஹார்னஸ்.

துப்பாக்கி மான் சீசனில் பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு கட்டாயம். கிளைம்பர் முதுகை மறைத்துவிடும் என்பதால் அதன்மேலும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். சுமையோடு குனிந்து போகும் உருவம் இருட்டில் மனிதன் போலவே தெரியாது.

5. துப்பாக்கியும் வில்லும்

நடக்கும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. தோளில் கிளைம்பர் பட்டை இருக்கும்போது துப்பாக்கி வார் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் கையில் பிடியுங்கள், குழல் யாரையும், உங்கள் காலையும் நோக்காமல். வில் என்றால் அம்பு முனைகள் முழுக்க மூடிய கூட்டுக்குள் இருக்க வேண்டும். தடுக்கி விழும்போது உங்களைக் கிழிப்பது அந்த முனைதான். கிளைம்பரோடு சேர்த்து வில்லைக் கட்டாதீர்கள். ஒரு கிளை மாட்டினால் நாணே போய்விடும்.

6. நடை

முந்தைய நாள் பகலில் வழியைப் பார்த்து, மரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். நேரான, ஏறும் உயரம்வரை கிளையில்லாத மரம் வேண்டும். அடிமரக் குறுக்களவு உங்கள் கிளைம்பரின் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். ஓக் நல்லது. பட்டை தகடு தகடாகப் பெயரும் ஷாக்பார்க் ஹிக்கரியையும் வழவழப்பான பீச் மரத்தையும் விட்டுவிடுங்கள். காற்று முகத்தில் அடிக்கும்படி வழி இருக்கட்டும். ஒடுங்கிய புதருக்குள் நேராக நுழையாமல் சுற்றிப் போங்கள்.

7. மரத்தடியில்

ஹார்னஸை மாட்டி, தரையிலிருந்தே, மரத்தைச் சுற்றிக் கட்டும் நாடாவோடு இணையுங்கள். கிளைம்பரின் இரண்டு துண்டுகளையும் ஒரு கயிற்றால் பிணையுங்கள், தளம் நழுவி விழுந்தால் நீங்கள் மேலே மாட்டிக்கொள்வீர்கள். மரம் மேலே போகப் போக ஒல்லியாகும் என்பதால் கீழே பூட்டும்போதே தளத்தின் வெளிமுனை சற்றுத் தூக்கி இருக்கட்டும். உயரத்தில் அது சமமாகிவிடும்.

கயிற்றின் மறுமுனையில் முதலில் பை. துப்பாக்கியைத் தோட்டா இல்லை என்று மறுபடி பார்த்து, குழல் கீழ்நோக்கித் தொங்கும்படி கட்டுங்கள், கயிறு விசைப் பக்கம் போகவே கூடாது. மரத்துக்கு நேர் கீழே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உயரத்தில் ஹார்னஸைச் சரிபார்த்து, உட்கார்ந்து, அப்புறம்தான் இழுக்க வேண்டும். முதல் சீசனில் 15 அடி தாராளமாகப் போதும். இந்த ஏற்றத்தை வீட்டுப் பக்கத்து மரத்தில், பகலில், முழு உடையோடு மூன்று முறையாவது பழகிவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

8. திரும்பும்போது

மான் கிடைத்துவிட்டால் மானையும் கிளைம்பரையும் ஒரே நடையில் கொண்டுவர முயலாதீர்கள். கிளைம்பரை மரத்தடியில் பூட்டிவிட்டு மானை இழுத்துப் போய், பிறகு வாருங்கள். பனி இருந்தால் பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டி ஒன்று இரண்டு வேலைக்கும் உதவும்: போகும்போது கிளைம்பர், வரும்போது மான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப்புறம் பாருங்கள். லைம் நோய் பரப்பும் உண்ணி நவம்பரிலும் நடமாடும். பிறகு கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா, பட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, மறுநாளைக்கான வரிசையில் அன்றிரவே கட்டி வையுங்கள்.