ஒரே ஜோடி ஸ்பீக்கரை ஸ்டீரியோ ஆம்புக்கும் ஏவி ரிசீவருக்கும் பொதுவாக்கும் முறை

பாட்டுக் கேட்க ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), படம் பார்க்க ஓர் ஏவி ரிசீவர், ஆனால் கூடத்தில் இடமோ ஒரே ஒரு ஜோடி முன்பக்க ஸ்பீக்கருக்குத்தான் என்ற நிலை பலருக்கு உண்டு. என் வீட்டிலும் இதே நிலைதான். இரண்டு கருவிகளையும் விட்டுக்கொடுக்காமல் அந்த ஒரு ஜோடியைப் பொதுவாக்கிய முறையைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். ஸ்பீக்கர் வயரைச் சீவுவதும் பிளஸ், மைனஸ் பார்த்து இணைப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்கிறேன்.

எதைச் செய்யவே கூடாது

ஸ்பீக்கரின் அதே முனைகளில் இரண்டு ஆம்புகளின் வயர்களையும் சேர்த்து முறுக்கக் கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்பின் வெளியீட்டு மின்தடை மிகமிகக் குறைவு. டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் மின்தடை ஆம்பின் வெளியீட்டு மின்தடையைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 100 என்று குறிக்கப்பட்ட ஆம்பில், 8 ஓம் ஸ்பீக்கரைக் கணக்கில் கொண்டால், அது 0.08 ஓம்தான். ஆகவே ஓர் ஆம்ப் மின்சாரத்தைத் தள்ளும்போது அதன் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போகாமல் அடுத்த ஆம்புக்குள் பாயும். அது ஏறத்தாழ ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டால் ஆம்ப் நின்றுவிடும், இல்லையென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியும். ஒன்றை அணைத்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அணைத்தவுடன் ரிலே மூலம் முனைகளைத் துண்டிக்கும் ஆம்புகளும் உண்டு, துண்டிக்காதவையும் உண்டு. துண்டிப்பவையாகவே இருந்தாலும், வீட்டில் யாரேனும் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடும் நாளுக்கு அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

பின்பலகையில் பார்க்க வேண்டியவை

சரியான வழி, ஸ்பீக்கர்களை ஸ்டீரியோ ஆம்பிடமே நிரந்தரமாக ஒப்படைத்துவிட்டு, ரிசீவரை அந்த ஆம்புக்குச் சிக்னல் தரும் கருவியாக ஆக்கிக்கொள்வது. இதற்கு ரிசீவரின் பின்புறம் முன்பக்க இடது, வலது ப்ரீ-அவுட், அதாவது பவர் பகுதிக்குப் போகும் முன்பே சிக்னலை வெளியே தரும் துளைகள், இருக்க வேண்டும். விலை குறைந்த ரிசீவர்கள் பலவற்றில் சப்வூஃபருக்கான ப்ரீ-அவுட் மட்டுமே இருக்கும். அதை இதற்குப் பயன்படுத்த முடியாது. புதிதாக ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் வாட் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு துளைகளைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஸ்டீரியோ ஆம்பில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (HT Bypass), மெயின் இன், பவர் ஆம்ப் இன் என்ற பெயர்களில் ஏதேனும் ஓர் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: ஆம்பின் வால்யூமைத் தாண்டிச் சிக்னலை நேராகப் பவர் பகுதிக்கு அனுப்புகின்றன. 1978-இல் வந்த நாட் (NAD) 3020 போன்ற ஆம்புகளில் ப்ரீ-அவுட்டையும் மெயின் இன்னையும் U வடிவ உலோக இணைப்புகள் சேர்த்து வைத்திருக்கும். அவற்றைக் கழற்றினால் பவர் பகுதி தனியாகிவிடும்; ஆனால் பாட்டுக் கேட்க ஒவ்வொரு முறையும் திரும்பச் செருக வேண்டும் என்பதால், பொத்தானால் மாற்றக்கூடிய ஆம்பே இதற்கு வசதி.

பைபாஸ் இருந்தால்

வேலை எளிது. ரிசீவரின் முன்பக்க ப்ரீ-அவுட்டிலிருந்து ஆம்பின் பைபாஸ் உள்ளீட்டுக்கு ஓர் ஆர்சிஏ கேபிள். முன்பக்க ஸ்பீக்கர்கள் ஆம்பில். சென்டரும் சரவுண்டும் ரிசீவரில். ரிசீவரின் முன்பக்க ஸ்பீக்கர் முனைகள் காலியாக இருக்கட்டும். பின்னர் மைக்கை வைத்து ஆடிஸியோ வைப்பாவோவோ, ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் அளந்து சமன்செய்ய உங்கள் ரிசீவரில் உள்ள தானியங்கி அளவீட்டை ஒருமுறை ஓட்டுங்கள். படம் பார்க்கும்போது எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியையும் ரிசீவரின் வால்யூம் ஆளும். பாட்டுக் கேட்கும்போது ரிசீவரைப் போடவே தேவையில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பைபாஸ் உள்ளீட்டில் சிடி பிளேயரையோ ஸ்ட்ரீமரையோ ஒருபோதும் செருகாதீர்கள். அங்கே வால்யூம் கட்டுப்பாடு இல்லாததால் முழு ஒலியும் ஒரே அடியாகப் பாய்ந்து, ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டரைத் தீர்த்துவிடும். கேபிளுக்குப் பெருந்தொகை செலவழிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இறுக்கமாக உட்காரும் சாதாரண ஆர்சிஏ கேபிள் போதும்.

பைபாஸ் இல்லாவிட்டால்

வால்யூம் வழியாகச் செல்லும் சாதாரண உள்ளீடான ஆம்பின் ஆக்ஸ் உள்ளீட்டைப் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ஆக்ஸ் வழியில் சிக்னல் இரண்டு வால்யூம்களைக் கடந்து வருகிறது. ஆகவே ஆம்பின் வால்யூமை ஒரு நிலையில் நிறுத்தி, அதன் பிறகே அளவீட்டை ஓட்ட வேண்டும்; படம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதே நிலைக்கு வர வேண்டும்.

எந்த நிலை என்பதை ரிசீவரே சொல்லும். முதலில் ஆம்பில் பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ் ஆகியவற்றை நடுவில் வைத்து, லவுட்னஸை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மாற்றங்களையும் அறையின் குறையாக எண்ணி ரிசீவர் திருத்தத் தொடங்கிவிடும். பிறகு வால்யூம் குமிழைப் பத்து மணி நிலையில் வைத்து அளவீட்டை ஓட்டிவிட்டு, ரிசீவரின் மெனுவில் முன்பக்க ஸ்பீக்கர்களின் லெவல் எண்ணைப் பாருங்கள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இந்த எண் −12 டெசிபல் முதல் +12 டெசிபல் வரை மட்டுமே போகும். சரியாக −12 என்று நின்றிருந்தால் ரிசீவர் எல்லையைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் குறைக்க வழியின்றி முன்பக்க ஸ்பீக்கர்கள் சென்டரைவிட உரக்க ஒலிக்கின்றன, வசனம் அமுங்கிப் போகிறது என்று பொருள். ஆம்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு மீண்டும் அளவிடுங்கள். +12-ஐ நெருங்கினால் ஆம்பின் வால்யூமைக் கூட்டுங்கள். எண் 0-க்கு அருகில் வரும்வரை இதைத் தொடர வேண்டும். அளவீடு முடிந்தது என்று திரையில் வந்தாலே எல்லாம் சரி என்று எண்ணி மெனுவைப் பார்க்காமல் விடுவதால்தான், ரிசீவர் வாங்கியும் வசனம் கேட்கவில்லை என்ற மனக்குறை பலருக்கு வருகிறது.

கிடைத்த நிலையில் குமிழுக்கு எதிரே ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். எண்ணைக் காட்டும் ஆம்பாக இருந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

உறுமல் வந்தால்

இணைத்த பிறகு ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்துடன் இணைவதால் வரும் இரைச்சல். இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். நிற்காவிட்டால் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைத் திருகிக் கழற்றுங்கள். உறுமல் உடனே நின்றால் வழி தெரிந்துவிட்டது, அந்த வயரில் சிக்னலை மட்டும் விட்டு மின்தொடர்பைத் துண்டிக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும். டிஷ் ஆன்டெனாவுக்கு அதே வயர் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும் என்பதால் கேபிள் டிவிக்கான சாதாரண ஐசொலேட்டர் அங்கே உதவாது. எந்தச் சூழலிலும் மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

ப்ரீ-அவுட்டே இல்லாத ரிசீவர்

அப்போது மிஞ்சும் வழி ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி. நான் இதைக் கடைசி வழியாகவே சொல்கிறேன். ஓர் ஆம்பிலிருந்து இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் பெட்டிகளே கடைகளில் அதிகம். அவற்றைத் தலைகீழாகப் பயன்படுத்துவது ஆபத்து, ஏனெனில் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்த முடிந்தால் இரண்டு ஆம்புகளும் இணைந்துவிடும். இரண்டு ஆம்புகளுக்கென்றே செய்யப்பட்டதாக, முதலில் ஒன்றைத் துண்டித்த பிறகே மற்றதை இணைப்பதாக, பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து மாற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள். மைனஸ்களை உள்ளே ஒன்றாகக் கட்டிய பெட்டி, மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும் பிரிட்ஜ் வகை ஆம்புகளைப் பழுதாக்கும். மாற்றும் முன் இரண்டு ஆம்புகளின் வால்யூமையும் இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை

ஸ்பீக்கரின் பின்னால் நான்கு முனைகள் இருப்பதால் இரண்டு ஆம்புகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் உலோகத் தகடு இணைத்திருக்கும்வரை அவை ஒரே முனைதான். தகட்டைக் கழற்றினாலோ ஓர் ஆம்ப் ட்வீட்டரை மட்டுமே, மற்றது தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரை மட்டுமே இயக்கும்.

வால்வு ஆம்ப் வைத்திருக்கும் இன்னொருவருக்கு: செலக்டர் பெட்டி உங்களுக்கு ஏற்றதல்ல. ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்ட நிலையில் வால்வு ஆம்பில் சிக்னல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். பெட்டியைத் தவிர்க்கவே முடியாதென்றால், ஸ்பீக்கர் விலகும்போது வால்வு ஆம்புக்கு 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாகக் கொடுக்கும் வசதியுள்ள பெட்டியைத் தேடுங்கள். அந்த ரெசிஸ்டரின் வாட் அளவு ஆம்பின் வாட் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.