டிஸ்கஸ் தொட்டியில் செடி: வெந்த கீரையிலிருந்து மீண்ட கதை

“டிஸ்கஸ் வேணுமா, செடி வேணுமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்” என்றார் சென்னை கொளத்தூரில் மீன் விற்பவர். டிஸ்கஸ் என்பது சூடான தண்ணீர் கேட்கும், தட்டு மாதிரி வட்டமான வண்ண மீன்; அந்தச் சூடு பல செடிகளுக்கு ஆகாது. இரண்டும்தான் என்று அடம்பிடித்து வாங்கி வந்தேன். ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செடியும் குப்பைக்கூடைக்குப் போனது. இப்போது அதே நான்கடித் தொட்டியில், 29 டிகிரி தண்ணீரில், ஆறு டிஸ்கஸும் செடிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஃபில்டர், சைக்கிளிங் (மீன் விடுமுன் தொட்டியில் நல்ல பாக்டீரியாவை வளர்ப்பது) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகச் செடிக்கு வருகிறேன்.

1. செடியைத் தேர்ந்தெடுப்பது

அனுபியாஸ், அமேசான் சுவார்ட், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் வென்டி. தொடக்கத்துக்கு இந்த நாலு போதும். வென்டி இலங்கைச் செடி. நம் ஊர் வெயில் அதற்குப் புதிதல்ல. ஜாவா ஃபெர்ன் 28-ஐத் தாண்டினால் என் தொட்டியில் கருப்புத் திட்டு விழுந்தது, விட்டுவிட்டேன். தரைவிரிப்பு வகையும் சிவப்புச் செடிகளும் வேண்டவே வேண்டாம். அவை கேட்கும் வெளிச்சத்தில் டிஸ்கஸ் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. அதில் கார்பன் டை ஆக்சைடும் ஏற்றினால் முதலில் மூச்சு வாங்குவது மீன்தான்.

2. மண் தொட்டியில் நடுவது

தொட்டிக்கு அடியில் மூன்று அங்குலம் சோயில், அதாவது செடிக்கான சத்து மண், போடச் சொல்வார்கள். டிஸ்கஸுக்கு அது சரிவராது. தீனியாகப் போடும் பீஃப் ஹார்ட் (மாட்டு இதயம்) துணுக்குகள் அதற்குள் போய் அழுகும். நான் சுவார்ட், கிரிப்ட் (கிரிப்டோகோரைன்) இரண்டையும் கையளவு மண் தொட்டிகளில் நட்டு, வெறும் கண்ணாடித் தரையில் வைத்திருக்கிறேன். புது மண் தொட்டிகளை நாலைந்து நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். உள்ளே கழுவிய ஆற்று மணல், வேருக்குப் பக்கத்தில் ஒரு ரூட் டேப் (உர மாத்திரை). செடி தேறிய பிறகு, சைஃபன் குழாயால் அழுக்கை உறிஞ்சும்போது மண் தொட்டியைத் தூக்கித் தள்ளி வைத்தால் போதும், செடிக்கு ஒன்றும் தெரியாது.

அனுபியாஸை மணலில் நடவே கூடாது. இஞ்சி மாதிரிப் படுத்திருக்கும் அந்தப் பச்சைத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையில் வைத்து, தையல் நூலால் நாலு சுற்று. பருத்தி நூல் இற்றுப்போவதற்குள் வேர் கட்டையைப் பிடித்திருக்கும். பசையால் ஒட்டுவதானால் ஜெல் வகை வாங்குங்கள். தண்ணீர் மாதிரி ஓடுவது செடியைவிட விரலில்தான் நன்றாக ஒட்டுகிறது.

3. நட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான். நட்ட ஐந்தாம் நாள் கிரிப்ட் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, வெந்த கீரையாய்த் தொங்கின. சூடுதான் காரணம் என்று நானே முடிவு கட்டி ஹீட்டரை 26-க்கு இறக்கினேன். இலை தேறவில்லை. மீன்கள் கருத்துப்போய்ச் சாப்பாட்டை விட்டன. கோபத்தில் எல்லாச் செடியையும் பிடுங்கி எறிந்தேன். கட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு மண் தொட்டி மட்டும் கண்ணில் படாமல் தப்பியது. நாலாவது வாரம், மறுபடி 29 டிகிரிக்கு ஏற்றிய தண்ணீரில், அதிலிருந்து சுருண்ட பழுப்புக் குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது.

விஷயம் இதுதான். கடைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. நீருக்குள் போனதும் பழைய இலையைக் கழித்துவிட்டு, நீருக்கு ஏற்ற இலையை விடும். கிரிப்ட் இன்னும் ரோஷக்காரச் செடி, இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும்.

அதனால் இலை கரைந்தால் கரைந்த இலையை மட்டும் கத்தரித்து எடுங்கள். விட்டுவைத்தால் அம்மோனியா ஏறும். அப்புறம் அடித்தண்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாற்றமடித்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள். ஆறு வாரம் மண் தொட்டியின் இடத்தைக்கூட மாற்றாதீர்கள்.

4. வெளிச்சம், இரவுக் காற்று

விளக்கு ஆறு மணி நேரம், டைமரில். அதற்கு மேல் போனால் அனுபியாஸ் இலையில் பாசி. விளக்கு அணைந்ததும் செடியும் ஆக்சிஜனை இழுக்கும், அதனால் இரவில் ஏர் பம்ப் கட்டாயம். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடுவது ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஹீட்டருக்கு மார்கழி, தையில்தான் அதிக வேலை. பெரிதாக ஒன்று வாங்குவதைவிடச் சின்னதாக இரண்டு வாங்குங்கள்; ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி குழம்பாகிவிடாது. வாலிஸ்னேரியா இலை ஹீட்டரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்ட இடம் வெந்துவிடும்.

5. சித்திரை, வைகாசி

ஹீட்டரைக் கழற்றிய பிறகும் என் தொட்டி 32-க்குப் போனது. மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தேன். இரண்டு டிகிரி இறங்கியது. கடல்காற்றில் புழுக்கமான நாளில் அதுகூட இறங்காது. ஆவியான அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பிற்சேர்க்கை: வேளச்சேரியிலிருந்து ஒருவர், மற்றதெல்லாம் நன்றாக இருக்க வாலிஸ்னேரியா மட்டும் கரைகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பாசியை ஒழிக்க ‘லிக்விட் கார்பன்’ என்று கடையில் விற்கும் திரவத்தை ஊற்றியிருக்கிறார். அதில் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு இருக்கும், வாலிஸ்னேரியாவுக்கு அது ஆகாது. நிறுத்தச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் படம் அனுப்பினார்: ஓடுதண்டில் இரண்டு குட்டிச் செடி, பின்னால் கேமராவை முறைத்துக்கொண்டு ஒரு டிஸ்கஸ்.