கிட்டார் கேபினெட்டைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்
கிட்டார் ஸ்பீக்கர் கேபினெட்டின், அதாவது ஸ்பீக்கர் பொருத்திய மரப்பெட்டியின், பின்பலகை நடுவில் விரலால் தட்டுங்கள். சத்தம் கெட்டியாக, சட்டென அடங்கினால் நல்லது. 18 மி.மீ. பிர்ச் மர பிளைவுட் என்றால் தாராளமாக நம்பலாம். மரத்தூள் பலகையும் கனமாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும்; எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

அப்புறம், கிட்டாரை இணைத்து, தடித்த ஈ தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கிட்டார் கழுத்திலுள்ள உலோகப் பட்டை) ஏறி, சற்று சத்தமாக வாசியுங்கள். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் கிரகிரவென்று அதிர்ந்தால், நண்பர் ஒருவரைக் கைப்பிடி, கிரில் (முன்பக்க மறைப்பு), ஜாக் தட்டு (கேபிள் செருகும் இடம்) என ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள். எதை அழுத்தும்போது அதிர்வு நிற்கிறதோ, கோளாறு அங்கேதான். பெரும்பாலும் திருகை முறுக்கினாலே சரியாகிவிடும்.

ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஒலி கூர்மையாகவும் பக்கவாட்டில் மங்கலாகவும் கேட்கும். இரண்டு இடத்திலும் நின்று கேளுங்கள். ஓம் அளவு (ஸ்பீக்கர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்துகிறதா என்பதையும் பின்பக்கம் பார்த்துவிடுங்கள்.