மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் எழுதிய மின்னஞ்சலுக்கு நாம் பதில் அனுப்பும்போது, அவர் எழுதியது அவரிடமே திரும்பிச் செல்கிறது. அதில் அவர் அறியாதது எதுவும் இல்லை. ஃபார்வர்ட் செய்யும்போதோ, எழுதியவர் நினைத்தும் பார்க்காத ஒருவரின் கைக்கு அவருடைய சொற்கள் போய்ச் சேருகின்றன. பெரும்பாலான தவறுகளுக்கு இந்த வேறுபாட்டை மறப்பதே காரணம்.

தொழில்நுட்ப அளவிலும் ஒரு வேறுபாடு உண்டு. பதில் மடலில் பொதுவாக இணைப்புக் கோப்புகள் விடுபட்டுவிடும். ஃபார்வர்டில் அவை தாமாகவே உடன் செல்லும். பழைய உரையாடல் முழுவதும் கீழே ஒட்டிக்கொண்டு போகும். மடலைப் படிக்கும்போது அந்தப் பழைய பகுதியைப் பல செயலிகள் மூன்று புள்ளிகளுக்குள் மடித்து மறைத்துவிடுவதால், அது அங்கே இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு நேர்காணல் நேரத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘செவ்வாய் காலை 10 மணி, இரண்டாம் தளம்’ என்று மேலாளர் அனுப்பிய ஒற்றை வரி மடலை, மனிதவளப் பிரிவில் இருப்பவர் அப்படியே விண்ணப்பதாரருக்கு ஃபார்வர்ட் செய்துவிடுகிறார். திரையில் அவர் கண்டது அந்த ஒரு வரியைத்தான். அதற்குக் கீழே இருந்த பழைய மடல்களிலோ, நிராகரிக்கப்பட்ட வேறு இருவரின் பெயர்களும், அவர்களை வேண்டாம் என்றதற்கான காரணங்களும், ‘இவர் கேட்பதைவிடக் குறைத்தே தொடங்குங்கள், ஒத்துக்கொள்வார்’ என்ற குறிப்பும் இருக்கின்றன. சம்பளப் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அதைவிட மோசமாக, நிராகரிக்கப்பட்ட இருவரைப் பற்றிய கருத்துகள் எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் அஞ்சல் பெட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் மடலின் கடைசி வரி வரை இறங்கிப் பார்ப்பதே இதற்கு முதல் மருந்து. பெறுபவருக்குத் தேவையில்லாத பழைய மடல்கள், கையொப்பங்களில் உள்ள தொலைபேசி எண்கள், முந்தைய பெறுநர்களின் முகவரிகள் ஆகியவற்றை அழித்துவிடலாம். சொல்ல வேண்டிய செய்தி ஒரே வரி என்றால் ஃபார்வர்டே தேவையில்லை. புதிய மடலில் அந்த வரியை எழுதி அனுப்புவதே நல்லது. இதைச் சோம்பல்தான் பெரும்பாலும் தடுக்கிறது.

அழிக்கலாம் என்றால் மாற்றவும் செய்யலாமா என்றால், கூடாது. இணைய நாகரிகத்துக்கான வழிகாட்டியாக 1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஃபார்வர்ட் செய்யும் மடலின் சொற்களை மாற்றக் கூடாது, சுருக்கித் தேவையான பகுதியை மட்டும் எடுத்தாளலாம், ஆனால் யார் எழுதியது என்பதைக் குறிப்பிட வேண்டும், தனிப்பட்ட முறையில் உங்களுக்கு வந்ததை ஒரு குழுவுக்கு அனுப்புவதானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஃபார்வர்ட் செய்த மடலின் உள்ளடக்கம் யாரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்து என்பதால், இதில் நம்பிக்கையைத் தவிர வேறு காவல் இல்லை. ‘இந்த விலை அதிகம், ஆனால் தரத்தைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம்’ என்று ஒருவர் எழுதியதில் முதல் பாதியை மட்டும் வெட்டி அனுப்புவது, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் செய்யும் திரிப்பு. உங்கள் கருத்தை மேலே, உங்கள் பெயரில் தனியாக எழுதுங்கள். அவருடைய பத்திக்குள் செருகாதீர்கள்.

அனுமதி கேட்பதைப் பலர் மிகையான சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். ஆனால் கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மின்னஞ்சலைவிட மிகப் பழையது. இங்கிலாந்துக் கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை அச்சிட்டு விற்ற பதிப்பாளர் எட்மண்ட் கர்ல் மீது தொடுத்த வழக்கில், தாள் பெற்றவருக்கு உரியதானாலும் அதிலுள்ள எழுத்தை வெளியிடும் உரிமை அவருக்குச் சேராது என்று 1741-இல் முடிவானது. ஒரு மடலை நண்பருக்கு ஃபார்வர்ட் செய்வது பதிப்பித்து விற்பதாகாது என்பது சரிதான். இருந்தாலும், நமக்கு வந்துவிட்டதாலேயே அது முழுக்க நம்முடையதாகிவிடாது என்ற அளவுகோல் இங்கும் பொருந்தும். அலுவலக வேலை தொடர்பான மடலை அதே வேலையில் இருப்பவருக்கு அனுப்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை. உடல்நலம், பணம், குடும்பச் சிக்கல், புகார், மூன்றாம் நபரைப் பற்றிய கருத்து ஆகியவை இருந்தால் கேட்டே ஆக வேண்டும். ‘நீங்கள் எழுதியதில் இரண்டாம் பத்தியைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பலாமா?’ என்ற ஒரே வாக்கியம் போதும்.

ஒரே மடலைப் பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை எந்தப் பெட்டியில் இடுகிறோம் என்பது அடுத்தது. சிறிய கவனக்குறைவு பெரிய தீங்காக மாறுவது இங்கேதான். பெறுநர் பெட்டியிலும் சிசி பெட்டியிலும் உள்ள முகவரிகள் எல்லோருக்கும் தெரியும்; பிசிசி பெட்டியில் உள்ளவை மற்றப் பெறுநர்களுக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேற்றப்படத் தகுதி பெற்றவர்களுக்கு அனுப்பிய ஒரு மடலில், எல்லா முகவரிகளையும் பெறுநர் பெட்டியிலேயே இட்டுவிட்டது. 245 பேரின் விவரம் வெளிப்பட்டது. அவர்களில் 55 பேரின் படங்களும் முகவரியோடு தெரிந்தன. இருவர் ‘அனைவருக்கும் பதில்’ அனுப்ப, அவர்களில் ஒருவர் தாம் இருக்கும் இடத்தையே அதில் குறிப்பிட்டுவிட்டார். இதற்காக அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. நம் மடல்களில் உயிர் ஆபத்து இருக்காது. ஆனால் ஒரு நோயாளிகள் குழுவுக்கோ, கடன் பெற்றவர்களுக்கோ அனுப்பும் மடலில், முகவரிப் பட்டியலே ரகசியத்தைச் சொல்லிவிடும். உள்ளடக்கத்தைப் படிக்கவும் வேண்டியதில்லை.

பிசிசியையும் கண்மூடி நம்பக் கூடாது. ஒருவருக்கு எழுதும் மடலில் அவருடைய மேலாளரை ரகசியமாக பிசிசியில் சேர்த்தீர்கள் என்றால், அந்த மேலாளர் தவறுதலாக ‘அனைவருக்கும் பதில்’ பொத்தானை அழுத்திய நொடியில் உங்கள் செயல் அம்பலமாகிவிடும். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது என்றால், அனுப்பிய மடலைப் பிறகு தனியாக அவருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். அப்படிச் செய்யவும் தயக்கமாக இருந்தால், அனுப்பலாமா என்பதையே மறுபடியும் யோசிக்கலாம்.

இணைப்புக் கோப்புகள் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம் சுமக்கின்றன. எக்செல் கோப்பில் மறைத்து வைத்த தாள்கள், வேர்டு ஆவணத்தில் அழித்த வரிகளின் தடங்களும் ஓரக் குறிப்புகளும், கைபேசியில் எடுத்த படத்தில் அது எடுக்கப்பட்ட இடத்தின் விவரம் ஆகியவை கூடவே செல்லக்கூடும். பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் பெயர் மறையும், நீங்காது; பட்டைக்குக் கீழிருக்கும் எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலே படித்துவிடலாம்.

சுட்டிகளும் (லிங்க்) அப்படித்தான். உங்களுக்கு வந்த செய்திமடலின் அடியில் உள்ள ‘சந்தாவை நீக்கு’ என்ற சுட்டி உங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதை நண்பர் தட்டினால் நீங்கும் சந்தா உங்களுடையது. கடவுச்சொல்லை மாற்றும் சுட்டி, கடவுச்சொல் இல்லாமலே உள்நுழையும் சுட்டி ஆகியவற்றை அனுப்புவது சாவியையே கொடுப்பதுதான். நாட்காட்டி அழைப்பை ஃபார்வர்ட் செய்தால், பெற்றவர் உங்கள் பெயரிலேயே வருகை தெரிவித்துவிடவும் கூடும்.

விளக்கம் எதுவும் இல்லாமல் ‘பார்க்கவும்’ என்று மட்டும் எழுதி நீண்ட மடல் தொடரை அனுப்புவது, படிக்கும் வேலையை மற்றவர் தலையில் கட்டுவதாகும். எதற்காக அனுப்புகிறீர்கள், எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், அவர் ஏதாவது செய்ய வேண்டுமா என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். தலைப்பு பழைய பேச்சுக்குரியதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

‘தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று கேட்கும் மடலை அந்த வேண்டுகோளுக்காகவே சந்தேகிக்கலாம். 1994-இல் ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்பில் வரும் மடலில் வைரஸ் இருப்பதாக ஓர் எச்சரிக்கை உலகமெங்கும் பரவியது. அப்படி ஒரு வைரஸ் இல்லை. நல்லெண்ணத்தோடு ஃபார்வர்ட் செய்யப்பட்ட எச்சரிக்கைதான் வைரஸைப் போலப் பரவியது. மோசடி மடலை ‘இது உண்மையா?’ என்று கேட்டுச் சக ஊழியர்களுக்கு அனுப்புவதும் இதே வகைதான்: அதிலுள்ள ஆபத்தான சுட்டி உயிரோடு அவர்களிடம் போகிறது, அதுவும் நம்பகமான உங்கள் பெயரில். அந்த மடலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துக் காட்டுங்கள். பாதுகாப்புப் பிரிவுக்குப் புகார் செய்வதானால் இணைப்பாக ஃபார்வர்ட் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். மடல் வந்த வழியைக் காட்டும் தலைப்புப் பகுதி அதில்தான் முழுமையாக இருக்கும்.

தானியங்கி ஃபார்வர்டை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம். அலுவலக மடல்கள் தனிப்பட்ட கணக்குக்குத் தாமாகப் போவது பல நிறுவனங்களில் விதிமீறல். கணக்குக்குள் புகும் திருடர்களும், கடவுச்சொல்லை நீங்கள் மாற்றிய பின்னும் மடல்கள் தங்களுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்று இதே அமைப்பைச் செய்துவைப்பதுண்டு. ஆகவே அமைப்புகள் பக்கத்தில், உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதும் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

தவறான மடல் போய்விட்டால் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஜிமெயிலில் அனுப்பியதைத் தடுத்து நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி கிடைக்கும். அதையும் அமைப்புகளில் முன்கூட்டியே கூட்டி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 5 விநாடிதான். அவுட்லுக்கில் மடலைத் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும். நேரம் கடந்துவிட்டால், மடலைப் படிக்காமல் அழித்துவிடும்படி பெற்றவரிடம் சுருக்கமாகக் கேளுங்கள்; பழைய மடலை அந்த வேண்டுகோளோடு மறுபடியும் இணைத்துவிடாதீர்கள். பிறகு, யாருடைய விவரம் வெளியே போனதோ அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அலுவலக மடல் என்றால், தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள்.