ஆம்புலன்ஸ் செவிலியருக்கு: வண்டி கிளம்பும் முன் பத்து நிமிடம்

ஆம்புலன்ஸ் பணிக்குப் புதிதாக வருபவர்கள் மருந்துகளின் அளவைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். என் காலை வாரிவிட்டது மருந்து அல்ல, ஆக்சிஜன் சிலிண்டர். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: சிலிண்டர்

அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன். மூச்சுத் திணறிய முதியவருக்கு மாஸ்க் பொருத்திய சில நொடிகளில் முள் சரசரவென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. மாஸ்க்கை மாற்றினேன், குழாயை மாற்றினேன். வால்வை மட்டும் தொடவில்லை. அது மூடியே இருந்தது. முந்தைய ஷிப்டில் வால்வை மூடியவர் ரெகுலேட்டரில் (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) மிஞ்சிய வாயுவை வெளியேற்றவில்லை. முள் காட்டியது அந்த மிச்சத்தைத்தான்.

வால்வை மெதுவாகத் திறந்து, வாயு ஓடும்போதே முள்ளைப் படியுங்கள். பிறகு கணக்கு: சிலிண்டரின் கொள்ளளவு லிட்டரை முள் காட்டும் பாரால் (அழுத்தத்தின் அலகு) பெருக்குங்கள். 5 லிட்டர், 100 பார் என்றால் 500 லிட்டர் ஆக்சிஜன். 20 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் 400. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் 40 நிமிடம் வரும். 15 கொடுத்தால் 26தான். இதை அட்டையில் எழுதிச் சிலிண்டர் அருகே ஒட்டுங்கள். கைபேசிச் செயலியை நான் நம்புவதில்லை. ஈரக் கையுறைக்குத் திரை மசியாது.

படி 2: ஆம்பு பேக்

மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை இது. அமுக்கிக் கையைத் தளர்த்தினால் பை உடனே உப்புகிறதா என்று பாருங்கள். நாடி இருந்து மூச்சு இல்லாத பெரியவருக்கு 6 நொடிக்கு ஒருமுறை போதும். பதற்றத்தில் கை இரட்டிப்பு வேகத்தில் ஓடும். காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியில் முடியும். மார்பு லேசாக எழுந்ததும் பிடியைத் தளர்த்துங்கள்.

படி 3: மற்றவை

சக்‌ஷன் (வாயில் தேங்கும் சளியை உறிஞ்சும் கருவி) குழாயை விரலால் அடைத்தால் அதன் முள் ஏற வேண்டும். குளுக்கோமீட்டர் பட்டையின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

படி 4: ஒப்படைப்பு

நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை இவை. உங்கள் தொடையில் அகலமான பிளாஸ்திரி ஒட்டி, வயது, எப்போது என்ன நடந்தது, நாடி, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்தும் நேரமும் என்று அதிலேயே குறியுங்கள். பால்பாயின்ட் பேனா மட்டுமே. ஜெல் மை வியர்வையில் கரைந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: பிஎஸ்ஐ (அழுத்தத்தின் வேறோர் அலகு) காட்டும் மானி என்றால் 14.5 ஆல் வகுத்தால் பார் கிடைக்கும். கொள்ளளவு என்பது தண்ணீர் நிரப்பினால் கொள்ளும் அளவு. சில சிலிண்டர்களில் முழுதாக நிரப்பிய வாயுவின் லிட்டரை அச்சிட்டிருப்பார்கள். ஒருவர் அதைப் பாரால் பெருக்கிவிட்டு, பல நாளுக்குத் தாங்குமே என்று எனக்கு எழுதியிருந்தார்.